ஆறு வாரத்து வைத்தியம்

தாம்பாளத்தில் வந்திறங்கிய அந்தப் பூவும் பழமும் ஹாதியாவுக்குப் பிடிக்கவே இல்லை. அவள் கைக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சாபிரின் அம்மா பைரோஜா, விருதுநகரிலிருந்து கார் பிடித்துப் பெண் கேட்டு வந்திருந்தாள். அவளைப் பெற்ற அத்தா உதுமானுக்குத் தலைகால் புரியவில்லை. சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கிறவர் வீட்டுக்கு டாக்டர் மாப்பிள்ளை தேடி வருவதென்றால் சும்மாவா!

ஹாதியா வலது ஆள்காட்டி விரலைத் தடவிக்கொண்டிருந்தாள். அச்சகத்துக் கட்டிங் மிஷினில் நரம்பறுந்த விரல். தையல் போட்டபோது, "மூணு மாசம் வாரந்தவறாம வாங்க, பயிற்சி குடுத்தாத்தான் மடங்கும்" என்று சொன்னதே சாபிர்தான். ஆறாவது வாரமே, "சரியாயிருச்சு, இனி வர வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். எங்கே சரியானது? தாளை விசிறி மாதிரி விரித்து லேபிள் எண்ணுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இந்தத் தீபாவளி சீசனில் தாள்கட்டைத் தொட்டாலே சரிந்து விழுகிறது.

பிறகு மூன்று முறை போன் செய்தார். என்ன படிச்சிருக்கீக, என்ன சமைப்பீக என்று கேட்டார். விரல் மடங்கவில்லை என்று அவள் சொன்னதற்கு, "நான் இப்ப ஒங்க டாக்டர் இல்லையே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அன்றிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது.

"மாமி, இந்தச் சம்பந்தம் அவுகளுக்கு எப்பத் தோணுச்சு?"

"அத ஏன் கேக்குறே! மொதக் கட்டுப் பிரிச்ச அன்னைக்கே சொல்லிட்டான். ஒடனே போவோம்னேன். பேஷன்டா இருக்கிற பிள்ளையக் கேக்கக் கூடாதும்மா, முறையில்லன்னுட்டான். வைத்தியத்த முடிச்சுட்டுத்தான் என்னைய அனுப்புறான். அம்புட்டு நேர்மை!"

ஹாதியாவின் சந்தேகம் பொய்யாகப் போயிருக்கக் கூடாதா? அவள் விரலைப் பாதியில் விட்டுவிட்டல்லவா தன் நேர்மையைக் காப்பாற்றியிருக்கிறார்!

"கையக் குடும்மா" என்று பைரோஜா வளையலை எடுத்தாள்.

ஹாதியா கையை நீட்டி, மெல்ல மடக்கினாள். மற்ற விரல்கள் மடங்கின. ஆள்காட்டி விரல் மட்டும் பைரோஜாவைப் பார்த்து நீட்டிக்கொண்டே நின்றது.

"எனக்கு மாப்பிள்ளை வேண்டாம் மாமி. மிச்ச வைத்தியத்துக்கு மதுரையில வேற டாக்டருக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்க."

பைரோஜா அத்தாவைப் பார்த்தாள். அத்தா விரலைப் பார்த்தார். பிறகு தாம்பாளத்தை அவரே தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.