கணக்கில் சேராத பிற்பகல் மழை

12 செப்டம்பர் 2024, வியாழன். சிறிய தவறு ஒன்று. சுங்காயிலிருந்து செய்தி வராத நாள்களை மழையில்லாத நாள்கள் என்று செயலியில் பதித்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

நாட்குறிப்பில் இதை எழுதிய பிறகு, ‘சிறிய’ என்ற சொல்லை விடுவதா அடிப்பதா என்று தினேஸ்வரி யோசித்தாள். விட்டுவிட்டாள்.

பேராக் மாநிலத்துக் குனோங் ராபாட்டில் அவளுக்கு ஒற்றை வாடகை அறை. பகலில் உதிரிபாகக் கடையில் வேலை. மாலையில் கணினி வகுப்பு. வகுப்புக்காக, சுங்காய்ச் சிறு விவசாயிகளுக்குப் பருவமழையைக் கணித்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். அங்கே ரப்பர் மரத்தை வெட்டிக் கீறிப் பால் எடுக்கும் பழைய தோட்டத்து ஆட்கள் சிலர் காலையில் வாட்ஸ்அப்பில் மழை விவரம் அனுப்புவார்கள். அவர்களில் அவளைக் கூப்பிட்டுப் பேசுகிறவள் சரளா ஒருத்திதான். அந்த அறையில் வேறு குரல் கேட்பதில்லை.

இந்த மாதம் முழுக்க மழை குறைவு என்றது செயலி. அதை நம்பிச் சரளா நாளைக் காலை பள்ளத்து நிலத்தில் மிளகாய் நாற்று நடுவதாக இருந்தாள். மழை பிடித்தால் வேர் அழுகிவிடும். தவறைச் சொன்னால் அவள் இனிக் கூப்பிடாமலே போகலாம். தினேஸ்வரி கைப்பேசியை எடுத்து அவளை அழைத்தாள்.

“அக்கா, போன செவ்வாக்கெழம அங்க மழையா?”

“மத்தியானம் நல்லா ஊத்துச்சே.”

“நீங்க அனுப்பலையே?”

“அதையெல்லாம் யாரு லா அனுப்புவா? காலையில பெஞ்சு மரம் வெட்டு நின்னாத்தான் அனுப்புவோம். பால் எடுத்த பொறகு பெஞ்சா பெய்யட்டும்.”

பேராக்கில் பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை. அதில் ஒரு துளியும் செயலிக்குப் போய்ச் சேரவில்லை.

“அக்கா, நாளைக்கு நடாதீங்க. என் கணக்கு தப்பு.”

“ஆளுக்குச் சொல்லி வச்சாச்சு. இப்ப வந்து சொல்றியா?”

“மன்னிச்சிருங்கக்கா.”

“ஒன் மெஷினுக்கு ஒரு குடை வாங்கிக் குடு லா.” சரளா சிரித்தாள். சிரிப்பு சீக்கிரமே நின்றது. “சரி, நடல. மத்தியான மழையையும் இனிமே மெசேஜ்ல போட்டுடறேன். கூப்பிட்டுட்டு இருக்க வேணாம், ஒனக்கும் வேல இருக்கும்.”

நாற்று தப்பியது என்று தினேஸ்வரி தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு அதே பக்கத்தில் எழுதினாள்:

நாளை: செய்தி வராத நாள்களை விவரமில்லை என்று மாற்ற வேண்டும். பிற்பகலில் பெய்ததா என்று எல்லாரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சரளா அக்காவையும், செய்தியில்.