அஞ்சாவது கம்பி

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகும் பஸ் கிளம்பிவிட்டது.

கலையரசி ஸ்கூட்டரின் ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். முதுகில் தொங்கிய கிட்டார் பை காற்றைப் பிடித்துக்கொண்டு அவளைப் பின்னால் இழுத்தது. முன்னால் நெல் மூட்டை லாரி. இடப்பக்கமாகப் புகுந்து முந்தினாள். லாரிக்காரர் திட்டியதில் பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

பஸ்ஸை ஒட்டிக்கொண்டு ஓட்டினாள். விடாமல் ஹாரன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னலில் ஜெயவேல். அவர் முழங்கால்களுக்கு நடுவே, நெட்டுக்குத்தாக, அவளுடைய பேஸ் கிட்டார் இருக்கும் பை.

“ஜெயவேலண்ணா! பை மாறிப்போச்சு! பஸ்ஸ நிறுத்தச் சொல்லுண்ணா!”

ஜெயவேல் திரும்பினார். பார்த்தார். இரண்டு பேர் கண்ணும் நேருக்கு நேர் சந்தித்தன. அதில் சந்தேகமே இல்லை.

அடுத்த நொடி, ஜன்னல் ஷட்டரை டப்பென்று கீழே இறக்கிவிட்டார்.

பஸ் புகையைக் கக்கிவிட்டு வேகமெடுத்தது. கலையரசி ஓரம் கட்டினாள். பாக்கெட்டில் போன் அலறியது.

“எங்கம்மா போன?” பன்னீர்செல்வத்தின் குரல். ஆர்க்கெஸ்ட்ராவின் முதலாளியும் அவர்தான், கீபோர்டும் அவர்தான். “மைக் டெஸ்ட் பண்ணிகினு இருந்த ஆளு திடீர்னு பையத் தூக்கிகினு ஓடினா இன்னா அர்த்தம்? சென்னைக்காரர் வந்து முன் வரிசையில உக்காந்துட்டாரு. ஜல்தி வா!”

“பன்னீரண்ணா, என் பேஸ் என்கிட்ட இல்ல. பையத் தொறந்தா ஜெயவேலண்ணனோட கட்டை கீது.”

“அதுவும் பேஸ்தானே? ஏதோ ஒண்ணு. வந்து வாசி.”

கீபோர்டு வாசிப்பவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். கலையரசி போனை வைத்துவிட்டாள்.

ஆரணியில் மேடை ஏறுகிற பேஸ் கிட்டார்காரர்கள் இரண்டே பேர். ஜெயவேல், பைக் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருப்பவர். கலையரசி, வீட்டு விசைத்தறியில் நெய்த பட்டுச்சேலைகளை வாட்ஸ்அப்பில் விற்பவள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிற விஷயத்தை ஊரே தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

அவருக்கு நாலு கம்பி. அவளுக்கு அஞ்சு.

“நாலு கம்பில சொல்ல முடியாதத அஞ்சாவது கம்பில இன்னா சொல்லப் போற?” என்பார் அவர்.

அவர் பிளாஸ்டிக் வில்லையால், அதாவது பிக்கால் வாசிப்பவர். அவள் விரலால்.

“அடிப்புடிச்ச பால் பாத்திரத்த சுரண்டற மாதிரி கீதுண்ணா” என்பாள் அவள்.

அவள் கட்டைவிரலால் கம்பியை அறைந்து வாசித்தால், “அத ஏம்மா அடிக்கற? உனக்கு இன்னா துரோகம் பண்ணுச்சு?” என்பார். அவர் கம்பியை மாற்றியே யாரும் பார்த்ததில்லை. “புதுக் கம்பி புது மாப்பிள்ளை மாதிரி. சும்மா லொடலொடன்னு பேசிகினே இருக்கும். அடங்கினாத்தான் அழகு.” அதற்கு அவள், “உங்க துருப்புடிச்ச கம்பியத் தொட்டா டி.டி. ஊசி போட்டுக்கணும்” என்று பதில் சொல்லி டீக்கடையையே சிரிக்க வைத்தாள்.

எல்லாவற்றுக்கும் மேல், அவளுடைய பேஸுக்கு உள்ளே சின்ன சர்க்யூட் ஒன்று உண்டு. பேட்டரியில் ஓடும், கம்பியின் சத்தம் அதன் வழியாகத்தான் வெளியே வரும். அதைப் பார்த்த அன்றே ஜெயவேல் தீர்ப்பு எழுதிவிட்டார்.

“பேட்டரி போட்டா அது டார்ச் லைட்டு. பேஸ் இல்ல. நான் செத்தாலும் அதத் தொட மாட்டேன்.”

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரு கட்சி. பேஸ் வாசிப்பது யாருக்கும் தனியாகக் கேட்காது, ஆனால் நின்றுபோனால் அத்தனை பேருக்கும் தெரியும் என்பார்கள். “தறித் தெருவுல கரண்ட் போனா இன்னா ஆவுது? தறிச் சத்தத்துல தூங்கிகினு இருந்தவன்லாம் முழிச்சுக்கறான் இல்ல? அதான் பேஸ்” என்பார் ஜெயவேல். அந்த இடத்தில் மட்டும் கலையரசி மறுபேச்சு பேசாமல் தலையாட்டுவாள்.

போன வாரம்தான் சென்னையிலிருந்து செய்தி வந்தது. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றை நடத்தும் அருள்தாஸ், நிரந்தர பேஸ் ஆள் தேடுகிறார். மாதச் சம்பளம். வருஷத்தில் பாதி நாள் வெளிநாடு. ஞாயிற்றுக்கிழமை ஆரணியில் பட்டு ஷோரூம் திறப்பு விழாவில் பன்னீரின் கச்சேரி இருப்பது தெரிந்து, நேரில் வந்து கேட்பதாகச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை: அஞ்சு கம்பி வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கலையரசி அன்று ராத்திரி தூங்கவில்லை. இந்த வேலை கிடைத்தால் அவள் நாளெல்லாம் பேஸ் வாசிப்பாள். கிடைக்காவிட்டால், ‘சிஸ்டர், இந்த மாம்பழக் கலர் கீதா?’ என்ற குறுஞ்செய்திக்குப் பதில் தட்டிக்கொண்டே காலம் போய்விடும்.

டீக்கடையில் செய்தியைக் கேட்ட ஜெயவேல் டீ கிளாஸை டொக்கென்று வைத்தார். “அஞ்சு கம்பிதான் வேணுமாமா? அந்தாளு பேஸ் தேடறாரா, தறி தேடறாரா?” சிரிப்பு இல்லாத கிண்டல் அது. அதே ஞாயிறு காலையில் அவருக்குப் பக்கத்து ஊரான சேத்துப்பட்டில் கல்யாண ரிசப்ஷன், பன்னீரின் இரண்டாவது டீமோடு.

இப்போது கலையரசி ரோட்டோரத்தில் நின்றபடி முதுகிலிருந்த பையை இறக்கினாள். ஒரே கடையில், ஒரே நாளில் பன்னீர் இருவருக்கும் வாங்கிக் கொடுத்த ஒரே மாதிரி கறுப்புப் பைகள். அடையாளத்துக்காக அவள் தன் பை ஜிப்பில் அரக்கு நிறப் பட்டுக் குஞ்சம் ஒன்று கட்டியிருந்தாள். முந்தானைக்குக் கட்டுவோமே, அதே குஞ்சம்.

குஞ்சம் இந்தப் பையில்தான் தொங்கியது. உள்ளே இருந்ததோ ஜெயவேலின் பேஸ்.

பை தவறிப்போய் மாறலாம். குஞ்சம் தானாக முடிச்சவிழ்த்து, இன்னொரு பைக்கு நடந்து போய்க் கட்டிக்கொள்ளுமா?

கட்டியது யார்? ஷட்டரை இறக்கிய அதே கை!

“இருங்கண்ணா” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “சாயங்காலத்துக்குள்ள திரும்பி இந்த ஊருக்குத்தானே வரணும்?”

ஷோரூம் வாசலில் வாழைமரம், பலூன், பட்டுச்சேலைக் கூட்டம். மேடையில் பன்னீர் வியர்த்துக்கொண்டிருந்தார். கலையரசி ஜெயவேலின் பேஸைத் தோளில் மாட்டினாள். மஞ்சளேறிய பழங்கட்டை. கம்பிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சுண்டெலி தாராளமாக ஓடலாம். கம்பியைத் தொட்டதும் விரல் நுனி பழுப்பானது.

முன் வரிசையில் வெள்ளைத் தாடி, கறுப்புக் கண்ணாடி. அருள்தாஸ்.

முதல் பாட்டு. அழுத்திப் பிடிப்பதற்கே மணிக்கட்டு வலித்தது. அவள் ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்த கட்டைவிரல் அறையை முயன்று பார்த்தாள். செத்த கம்பியில் அது போர்வை போர்த்திய தவில் போலத் ‘தொப்’ என்றது. அதோடு அந்த எண்ணத்தை விட்டாள். இரண்டாவது பாட்டுக்குக் கீழ் சுதி வேண்டும். அஞ்சாவது கம்பி இருந்தால் கவலையே இல்லை. அறிவிப்பாளர் ஷோரூம் முதலாளியின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்த இடைவெளியில், நாலாவது கம்பியின் முறுக்கைத் திருகித் தளர்த்தி, அடித்தொண்டைக்கு இறக்கிக் கட்டினாள்.

அப்புறம் நடந்தது கோபம். ஒவ்வொரு சுரத்தையும் ஜெயவேலின் நடுமண்டையில் வைப்பதாக நினைத்து வைத்தாள். ஒன்றுகூட முன்பின் பிசகவில்லை. டிரம்ஸ்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பின் வரிசையில் ஒரு தாத்தா தன்னையறியாமல் காலாட்ட ஆரம்பித்தார்.

கச்சேரி முடிந்ததும் அருள்தாஸ் நேராக மேடைக்கு வந்தார்.

“அஞ்சு கம்பின்னு சொன்னாங்க?”

“வரலைங்க சார். நாலுதான்.”

“அப்ப ரெண்டாவது பாட்டுல அந்தக் கீழ் சுரம்?”

“கம்பிய இறக்கிக் கட்டினேங்க.”

“கச்சேரி நடுவுலயா?” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “சரி. இது எந்த கம்பெனிக் கம்பிம்மா?”

“பேரு தேய்ஞ்சு போச்சுங்க சார்.”

“மாத்திடாதீங்க. இந்தச் சத்தம் கிடைக்காமத்தான் ஸ்டூடியோ ஸ்டூடியோவா அலையறோம்.”

கலையரசிக்கு அந்த இடத்திலேயே முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. துருவுக்கு இப்படி ஒரு மரியாதையா?

“ஒண்ணாம் தேதி சென்னைக்கு வந்துடுங்க” என்றார் அருள்தாஸ்.

அவள் அழவில்லை. பன்னீர்தான் அழுதார்.

மதியச் சாப்பாடு முடிந்து வெகுநேரம் கழித்து, பன்னீர் வீட்டு மாடியில் படியேறும் சத்தம் கேட்டது. வாத்தியங்கள் வைக்கும் அறை அது. கலையரசி ஆம்ப் பெட்டி மேல் உட்கார்ந்து காத்திருந்தாள். ஜெயவேல் பையோடு உள்ளே வந்தார். அவளைப் பார்த்ததும் நின்றார்.

“இன்னா ஆச்சு?” என்றார். அதுதான் முதல் கேள்வி.

“எடுத்துட்டாங்க.”

ஜெயவேல் சுவரில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார். அப்புறம் முகமெல்லாம் பல். “எனக்குத் தெரியும்! எனக்குத் தெரியும் கலை!”

கலையரசி குழம்பினாள். காலையிலிருந்து மெருகேற்றி வைத்திருந்த திட்டெல்லாம் மறந்துபோனது.

“நடிக்காதண்ணா. எதுக்குப் பைய மாத்தின?”

“அவசரத்துல மாறிப்போச்சு.”

“குஞ்சமும் அவசரத்துல மாறிச்சா? ஷட்டரும் அவசரத்துல இறங்கிச்சா?”

“வெயிலு அடிச்சுகினு இருந்துச்சு.”

“காலைல எட்டரை மணிக்கா?”

ஜெயவேல் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “அத விடு. கிடைச்சிடுச்சு இல்ல?”

“சரி, என்னுது எப்படி இருந்துச்சு? அஞ்சாவது கம்பி?”

“நல்லாத்தான் கீது. யாருக்கும் ஒரு தொந்தரவும் பண்ணல.”

கலையரசி நிமிர்ந்தாள். ஜெயவேல் அஞ்சாவது கம்பியைப் பாராட்டுகிறாரா? ஏதோ இருக்கிறது!

எழுந்து வந்து பையை வாங்கிப் பிரித்தாள். பேஸைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன மூடியைத் திறந்தாள். உள்ளே புத்தம் புதுப் பேட்டரி பளபளத்தது. அவள் போட்டிருந்தது இது இல்லை.

“டார்ச் லைட்டுக்கு யாருண்ணா பேட்டரி வாங்கிப் போட்டது?”

கேபிளைச் செருகினாள். ஆம்ப்பைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கம்பியைச் சுண்டினாள்.

ஒன்றுமில்லை.

சத்தத்தைக் கூட்டினாள். மறுபடி சுண்டினாள். ஐந்து கம்பிகளையும் வரிசையாக. ஊமை.

“காலைலயே செத்துப்போச்சு கலை” என்றார் ஜெயவேல், தரையைப் பார்த்தபடி. “பஸ்ஸுக்கு முன்னாடி என் பைய எடுக்க வந்தேன். யாரும் இல்ல. சரி, அப்படி இன்னாதான் கீது பாப்போம்னு எடுத்து மாட்டினேன்.”

“தொட மாட்டேன்னீங்க?”

“ஒரே தடவ. அந்த அஞ்சாவது கம்பிய மட்டும். தரை அதிர்ந்துச்சு கலை. உள்ளங்கால்ல ஏறி முட்டி வரைக்கும் வந்துச்சு. எனக்கு மயிரு கூச்செரிஞ்சு போச்சு. ரெண்டாவது தடவ அடிக்கறதுக்குள்ள உள்ள ‘டிக்’குன்னுச்சு. அவ்ளோதான். ஓடிப்போய் பேட்டரி வாங்கிப் போட்டேன். அசையல. சர்க்யூட்டு போயிடுச்சு.”

“சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொன்னா? கை நடுங்கிகினே மேடை ஏறுவ. என் கம்பியத் தொட மாட்டேன்னு அடம் புடிப்ப. உனக்குக் கோவம் வந்தாத்தான் தாளம் பிசகாது. எனக்குத் தெரியாதா? கோவத்த ஏத்தி விட்டுட்டுப் போயிட்டேன்.”

கலையரசி கேபிளைப் பிடுங்கிச் சுருட்டினாள். ஏதோ ஒன்று மெதுவாக அவளுக்கு உறைத்தது.

“அண்ணா. சேத்துப்பட்டுல இன்னொரு பேஸ் ஏது?”

“ஏது? இல்லவே இல்ல.”

“அப்ப ரிசப்ஷன்ல நீங்க இன்னாத்த வாசிச்சீங்க?”

ஜெயவேல் கதவுப் பக்கம் போய், படியில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“இதத்தான். தோள்ல மாட்டிகினு, விரல ஆட்டிகினு, கடைசிப் பாட்டு வரைக்கும் நின்னேன்.”

“சத்தமே இல்லாமயா?”

“துளி சத்தம் இல்ல.”

“யாரும்... யாருமே திரும்பிப் பாக்கலையா?”

“பொண்ணு வூட்டுக்காரரு மேடைக்கே வந்து கையப் புடிச்சுகினாரு. ‘எல்லாத்தையும் விட பேஸ்தாங்க பிரமாதம்’னாரு.” “கலை, இத மட்டும் வெளில சொல்லிடாத. நம்ம ரெண்டு பேரு பொழப்பும் நாறிடும்.”