சம்பந்தி முன்னால் சொல்லாத பதில்

அவசரப் பிரிவில் நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். எதிரே ஃபிரிட்ஜ் மெக்கானிக், சட்டைப் பித்தானையெல்லாம் ஒழுங்காகப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். சற்று முன்னால் சம்பந்தி வீட்டு வாஷ்பேசினில் வாந்தி எடுத்தவர் என்று பார்த்தால் தெரியாது. வாந்தியில் ரத்தம் திரிதிரியாகக் கலந்திருந்தது. சம்பந்திதான் பதறியடித்துக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். இப்போது நாற்காலிக்குப் பின்னால் காவல் நிற்கிறார். பக்கத்தில் மெக்கானிக்கின் மனைவி.

வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதென்று வருகிற எல்லோருக்கும் உடனே வாய் வழியாகக் குழாய் விட்டு எண்டோஸ்கோபி செய்துவிட முடியாது. அங்கே இருப்பது ஒரே கருவி, ஒரே டாக்டர். அதனால்தான் இந்தத் தாள். நாடி, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, நோயாளி சொல்லும் பதில் எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை ஏற ஏற, உள்ளே போய் ரத்தத்தை அடைக்க வேண்டிவரும் என்று பொருள். சைபரோ ஒன்றோ வந்தால் வீட்டுக்குப் போய்விட்டுப் பிறகு வரலாம். பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறு, இங்கே மார்க் குறைந்தவர்தான் பாஸ்.

மலம் கருப்பாகப் போகிறதா என்று நர்ஸ் கேட்டாள். முந்தாநாளிலிருந்து தார் மாதிரி போவது மெக்கானிக்கின் கண்முன் வந்தது. பின்னாலிருந்து சம்பந்தியின் மூச்சுச் சத்தமும் கேட்டது. அதெல்லாம் இல்லை என்றார். மயக்கம்? அதுவும் இல்லை. வலி மாத்திரை ஏதாவது? "மாத்திரையா, நானா?" என்று சிரித்தே விட்டார். மனைவி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? நம்மில் பாதிப்பேர் அப்படித்தானே. மகனுக்குப் பெண் பார்க்கப் போன அன்று, உங்கள் பக்கம் யாருக்காவது உடம்புக்கு ஏதும் உண்டா என்று சம்பந்தி பேச்சோடு பேச்சாகக் கேட்டிருந்தார். அவர் நீச்சல் சொல்லிக்கொடுப்பவர், ஆள் தேக்குக் கட்டை. அவருக்கு முன்னால் சளைக்கக் கூடாதென்று, இந்த வயது வரைக்கும் ஒரு மாத்திரை தொட்டதில்லை என்று மார்தட்டிவிட்டார் இவர். கல்யாணம் முடிந்து நாலே மாதம். கம்ப்ரஸரைத் தோளில் சுமந்து மாடி ஏறி ஏறித் தேய்ந்த முட்டிக்கு, மருந்துக்கடையில் டாக்டர் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரை தினம் இரண்டு போகிறது, அதுவும் இரண்டு வருஷமாக. இது மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் லேசாகக் குறைந்திருந்தது, அவ்வளவுதான். மொத்த மார்க் ஒன்று. அடுத்த வாரம் வரச் சொல்லிச் சீட்டு எழுதிவிட்டார்கள். எங்கள் சம்பந்தி கல் மாதிரி என்று நர்ஸிடம் பெருமையடித்துவிட்டு, சம்பந்தி காரை எடுக்கப் போனார்.

மெக்கானிக் எழுந்தார். மனைவி எழவில்லை.

"வாம்மா, அவர் காத்துக்கிட்டு இருப்பாரு."

"நீங்க போங்க. விடியக்காலையில பாத்ரூம்ல கண்ணு சொருகிக் கிடந்தீங்க. நான்தான் தூக்கி உக்கார வச்சேன். அதுக்கு எத்தனை மார்க்குனு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுட்டு வர்றேன்."

"அந்த மனுஷன் என்ன நினைப்பாரு?"

"அவர் என்ன வேணா நினைக்கட்டும். எனக்குப் புருஷன் வேணும்."

கோபமாக அவள் சொல்லவில்லை. ஆனால் கைப்பையின் வாரை விரல்களில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் அந்த விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நர்ஸின் மேசைக்குத் திரும்பிப் போய், அந்தத் தாளை இன்னொரு தடவை எடுக்கச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி கார்ச்சாவியோடு வந்து நின்றார், என்ன தாமதம் என்று கேட்டுக்கொண்டே. ரசீது வாங்க வந்தேன் என்கிற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மெக்கானிக் அதை விழுங்கினார்.

"முந்தாநாள்லேர்ந்து தார் மாதிரி கருப்பா போவுது சிஸ்டர். இன்னைக்குக் காலையில மயங்கி விழுந்தேன். முட்டிவலிக்குத் தினம் ரெண்டு மாத்திரை, ரெண்டு வருஷமா. இவர்கிட்ட நான் சொன்னது பொய்."

ஒன்று நான்காயிற்று. டாக்டரைக் கூப்பிட நர்ஸ் போனை எடுத்தாள்.

சம்பந்தி கார்ச்சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் மெக்கானிக்கின் தோளைப் பிடித்து மெல்ல உட்காரவைத்தார். "உங்க குடலைப் பாத்தா சம்பந்தி நான் பொண்ணு குடுத்தேன்?" என்றார்.

மதியமே குழாய் இறங்கியது. இரைப்பையில் வலி மாத்திரை அரித்த புண், அதன் நடுவில் ஒரு ரத்தக்குழாய் கசிந்துகொண்டிருந்தது. டாக்டர் சின்னக் கிளிப் ஒன்றைப் போட்டு அதை இறுக்கி நிறுத்தினார். வீட்டுக்குப் போயிருந்தால் அது உடைத்துக்கொண்டு கொட்டியிருக்கக்கூடும் என்று அவர் சொன்னபோதுதான் மனைவி அழுதாள்.

சாயங்காலம் வார்டு நர்ஸ் மறுபடி முதலிலிருந்து விசாரித்தாள். சம்பந்தி பக்கத்திலேயே இருந்தார். மெக்கானிக் மாத்திரையில் ஆரம்பித்து மலச்சிக்கல், குறட்டை என்று கேட்காததையும் சேர்த்து ஒப்பித்தார். வார்டு முழுக்கக் கேட்கிறது என்று மனைவி முழங்கையால் இடித்தாள்.

"கேக்கட்டும். நான் மறைச்சேன், தாளும் என்னை நம்பிடுச்சு. இவங்க நம்ம மானத்தை வாங்கவா கேக்குறாங்க, உசிரைக் காப்பாத்தத்தானே? ஆஸ்பத்திரியில யார் பக்கத்துல நின்னாலும் உள்ளதைச் சொல்லிடணும். டாக்டரைக் கேக்காம வலி மாத்திரையைத் தொடவே கூடாது."

சம்பந்தி தலையாட்டினார். வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலியை நர்ஸ் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சிஸ்டர், எனக்குத் தோள்பட்டை வலிக்கு ஒரு மாத்திரை பழக்கம். ஆறு மாசமா போட்டுக்கிட்டு இருக்கேன்."