நிரூபிக்க வேண்டியது

ராஜாமணியை மறுபடி பத்தாவது கணக்குப் பரீட்சை எழுதச் சொன்னதே அவள் புருஷன் தர்மன்தான். பாஸ் செய்தால் பக்கத்து ஊர் பால்வாடியில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எண்பத்து மூன்றாம் வருஷம். மழை பொய்த்து, கிணறு வறண்டு கிடந்தது. அவனே அரூருக்குக் கூட்டிப்போய் டுடோரியலில் சேர்த்துவிட்டான்.

இணைகோடுகள் தேற்றம்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. எழுதியதை வாத்தியார் சிவப்பு மையில் அடிப்பார், ஏனென்று சொல்லமாட்டார்.

கூடப் படித்த அப்துல் சுபான், கடைவீதியில் தையல்காரன், அவளைவிடச் சின்னவன். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில், காக்கித் தாளில் ஒரு கோணத்தை வெட்டி, அவள் வரைந்திருந்த குறுக்குக்கோட்டின் வழியே நகர்த்தினான். மேல்கோட்டில் இருந்தது கீழ்கோட்டிலும் அப்படியே பொருந்தியது.

"இதாங்க்கா ஒத்த கோணம். கோடு ரெண்டும் இணைன்னு கேள்வியிலயே குடுத்திருக்கு, அதனால கோணம் சமம். நீங்க என்ன பண்றீங்க? கோணம் சமம், அதனால கோடு இணை; கோடு இணை, அதனால கோணம் சமம்னு சுத்தி வர்றீங்க. நிரூபிக்க வேண்டியதையே காரணமா எழுதினா எப்படிங்க மார்க் போடுவாங்க?"

ராஜாமணி தாளை வாங்கித் தானே நகர்த்திப் பார்த்தாள். "அட, இவ்வளவுதானா!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். அதைத் தர்மனின் பங்காளி பச்சியப்பன் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டான்.

அன்று சாயங்காலம் தர்மன் வாசலிலேயே மறித்தான்.

"அவனோட என்னடி சிரிப்பு?"

"கணக்கு புரிஞ்சுதுங்க. சிரிச்சேன்."

"தப்பு இல்லைன்னா ஏன் பக்கத்துல உக்காந்த?"

"உக்காந்ததே தப்புங்கறீங்க. தப்பு பண்ணுனதுக்கு அந்த உக்காந்ததையே சாட்சிங்கறீங்க. வேற என்னங்க இருக்கு உங்ககிட்ட?"

அறை காதோடு விழுந்தது.

மறுநாள் தர்மனும் பச்சியப்பனும் தையல் கடைக்குப் போனார்கள். சுபானின் வலது கையை மேஜைமேல் அழுத்திப் பிடித்து, இஸ்திரிப் பெட்டியால் விரல்களை நசுக்கினார்கள். போலீசுக்கு யாரும் போகவில்லை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள்.

டுடோரியல் நின்றது. வேலை வேண்டுமே, பரீட்சைக்கு மட்டும் தர்மனே அழைத்துப்போனான். ஹாலில் சுபானின் நம்பர் ஒட்டிய பெஞ்சு காலியாக இருந்தது. அந்தத் தேற்றம் வந்திருந்தது. காது இரைந்துகொண்டே இருக்க, ராஜாமணி ஒரு வரி பிசகாமல் எழுதினாள்.

ரிசல்ட் வந்த அன்று தர்மன் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தான். "தானாப் படிச்சே பாஸ் பண்ணிட்டா!"

"தானாப் படிக்கலீங்க," என்றாள் ராஜாமணி, எல்லோருக்கும் கேட்கும்படி. "அந்த சுபான் பையன்தான் சொல்லிக் குடுத்தான். இப்ப அவனுக்கு ஊசி பிடிக்க விரல் மடங்கலையாம்."

மிட்டாய் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்துபோனார்கள்.

அதற்குப் பிறகு தர்மன் அவளோடு பேசுவதில்லை. பால்வாடி வேலை கிடைத்தது. தினமும் காலையில் சைக்கிளில் ஏற்றிப்போய், வாசலில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவான்.