பிற்பகல் காற்றில் எழுபத்தேழு

காலையில் கோல்ஃப் ஆடியவர்களுக்கு ஓர் இலைகூட அசையவில்லை. பிற்பகலில் பிரிஞ்சாங் மலைப் பக்கமிருந்து இறங்கிய காற்றோ, ஆடியவர்கள் அனைவரையும் அலைக்கழித்து, பந்தைத் தொண்ணூறு முறைக்கு மேல் அடிக்க வைத்தது. நாகப்பன் மட்டும் எழுபத்தேழு அடிகளில் முடித்திருந்தார். பழைய கோல்ஃப் மைதானத்தின் போட்டிச் செயலாளர் யுவனேஸ்வரிக்கு அந்த எண்ணைக் கண்டதும் நெற்றி சுருங்கியது.

காலை ஆட்டத்தில் தேயிலைத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை எடுத்தது எழுபத்தெட்டு. மிகக் குறைந்த அடிகளில் முடித்து முதலிடம் பெறுபவருக்கே பஹாங் மாநில அணியில் இடம். அதே தோட்டத்தில் மருந்து தெளிக்கும் நாகப்பன் ஒரே ஓர் அடியில் துரையை முந்துகிறார். குலுக்கலில் அமைந்த ஜோடிதான் என்றாலும், உடன் ஆடி அவருடைய அடிகளை எண்ணி எழுதியவர் அவருடைய மைத்துனர் காளிமுத்து. போதாக்குறைக்கு, நாகப்பன் ஆட்டக் கணக்கு அட்டையில் கையொப்பமிடாமல் பேனாவும் கையுமாக அரைமணி நேரம் நின்றிருந்தார். உண்மையான கணக்கென்றால் ஏன் தயங்க வேண்டும்?

“காத்து உங்களுக்கு மட்டும் லீவு போட்டுச்சா, நாகப்பன்?”

“மச்சான் பந்த மேல தூக்கவே இல்ல லா, அக்கா,” என்று காளிமுத்து முந்திக்கொண்டார்.

“உங்களைக் கேக்கல.”

நாகப்பன் தொண்டையைச் செருமினார். “மருந்து அடிக்கிறப்ப காத்த தப்பா பார்த்தா, நம்ம மூஞ்சிலதான் அடிக்கும் அக்கா. மத்தவங்க குழியில நட்ட கொடிய பார்த்தாங்க. அந்த உயரத்துல பேய்க்காத்து. முழங்கால் உயரத்துல அவ்வளவு இல்ல. நான் தாழ்வா தட்டி உருட்டிக்கிட்டே போனேன்.”

யுவனேஸ்வரி இருவரையும் தனித்தனியே அழைத்துக் குழிவாரியாக விசாரித்தார். எண்கள் பிசகாமல் ஒத்துப்போயின. மனப்பாடம் செய்திருப்பார்களோ என்று அதுவும் உறுத்தியது.

“அப்புறம் ஏன் கையெழுத்துப் போடல?”

“பதினாலாவது குழி அக்கா. குழியச் சுத்தியிருக்குற கிரீன் புல்லுல நின்ன பந்த, நான் கிட்டப் போறதுக்குள்ள காத்து ரெண்டு சாண் தள்ளிருச்சு. தள்ளுன எடத்துலேருந்தே அடிச்சேன். அதுக்குத் தண்டமா ஒரு அடி சேர்க்கணுமா? சேர்த்தா துரையோட சமம். இவன் மூடிக்கிட்டு இருங்கிறான்.”

காளிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். “இந்த வாய வச்சுக்கிட்டு ஸ்டேட் டீம்லா!”

யுவனேஸ்வரி நாகப்பனையே உற்றுப் பார்த்தார். “தள்ளுறதுக்கு முந்தி அடையாளம் வச்சு, பந்தக் கையில எடுத்தீங்களா?”

“இல்லக்கா.”

எந்தப் பதில் தமக்குச் சாதகம் என்பது நாகப்பனுக்குத் தெரியவில்லை; அது முகத்திலேயே எழுதியிருந்தது. யுவனேஸ்வரி விதிநூலைப் பிரித்து, தமக்கு நன்கு தெரிந்த வரியையே இருமுறை படித்தார்.

“கையில எடுக்காத பந்தைக் காத்து தள்ளினா தண்டம் இல்ல. தள்ளிப் போய் நின்ன எடத்துலேருந்துதான் அடிக்கணும். எழுபத்தேழு சரி. போடுங்க.”

நாகப்பன் கையொப்பமிட்டார். அணிப் படிவத்தில் அவர் பெயர் ஏறியது.

“துரைகிட்ட யாருக்கா சொல்றது?” என்றார் காளிமுத்து, குரலைத் தாழ்த்தி.

“நான் சொல்றேன்,” என்று யுவனேஸ்வரி எழுந்தார்.