மசூது வரவழைத்த ஆம்ப்ளிஃபயர்

மசூது வீட்டு மாடி அறையில் பாட்டுக் கேட்பதற்கென்று இரண்டே நாற்காலிகள்தான். ஒன்று அவருக்கு, மற்றது ஞானதுரைக்கு. வேறு யார் வந்தாலும் கட்டிலில்தான் உட்கார வேண்டும். சவூதியில், தமாமில் பாதி ஆயுளை ஏசி மெக்கானிக்காகக் கழித்தவர் மசூது. ஒவ்வொரு லீவுக்கும் ஒவ்வொரு சாமானாகத் தூக்கி வந்து, தென்காசியில் அந்தப் பாட்டு செட்டைச் சேர்த்து முடித்தபோது அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

ஞானதுரைக்குப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் குழாய் சாமான் கடை. ஆனால் ஊர் அவரை அறிந்தது கிறிஸ்தவக் கோயிலில் கீபோர்டு வாசிப்பவராக, பாடகர் குழுவை நடத்துபவராக. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் மாடிப்படி ஏறி வருவார். கண்ணை மூடி உட்கார்ந்தால் மசூதின் மனைவி ஹாஜரா பீவி வைத்துவிட்டுப் போன டீ ஆடை கட்டிப் போகும். “பின்னால நிக்க வயலின்காரன் சுருதிய எறக்குதான், கேட்டீரா?” என்பார். மசூது அதே இடத்தை மூன்று நான்கு தடவை ஓடவிட்டால்தான் அது தன் காதுக்குப் பிடிபடும்.

பங்குனி வெயிலில் ஒருநாள் ஞானதுரை கடையிலேயே சரிந்து விழுந்தார். மூளையில் சின்ன ரத்த அடைப்பு என்றார்கள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில். வலது கை கொஞ்ச நாள் மரத்துக் கிடந்து மெல்லத் திரும்பியது. பேச்சு துளிகூடக் குழறவில்லை. கர்த்தர் காப்பாற்றினார் என்று எல்லோரும் சொன்னார்கள். கீபோர்டு பக்கம் மட்டும் அவர் போகவில்லை. கை இன்னும் வரவில்லை என்றார். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

சாரல் தொடங்கின பிறகுதான் மறுபடி மாடி ஏறினார். மசூது அவருக்குப் பிடித்த சிடியாகத் தேடிப் போட்டார். கொஞ்ச நேரத்திலேயே ஞானதுரை கண்ணைத் திறந்துவிட்டார்.

“உம்ம செட்டுல என்னவோ கோளாறு வே.”

“என்ன செய்யுது?”

“எல்லாம் ஒண்ணுபோலக் கேக்குது. தகரத்த மச்சுல போட்டு உருட்டுத மாதிரி.”

மசூதுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனாலும் அந்த அறையில் தீர்ப்புச் சொல்லும் காது ஞானதுரையுடையது. அது தப்பியதாக அவருக்கு நினைவில்லை. ஆம்ப்ளிஃபயர் பழையது, ஈரக்காற்றில் உள்ளே எங்காவது பூசணம் பூத்திருக்கும் என்று முடிவு கட்டினார். கோயமுத்தூரில் ஒரு கடைக்காரர், வீட்டில் வைத்துக் கேட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள் என்று புதிதாக ஒன்றை அனுப்பி வைத்தார்.

அதைப் பிரித்து மாட்டிய அன்று மசூது தனியாகக் கொஞ்சம் கேட்டுப் பார்த்தார். அவருக்கு மெய்சிலிர்த்தது. பாடுகிறவள் மூச்சு வாங்குவது பக்கத்தில் நின்று வாங்குவதுபோல இருந்தது. ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருந்தார்.

ஞானதுரை கேட்டார். நாகரிகமான மனிதர். தலையை ஒருபக்கம் சாய்த்து நன்றாகவே முயன்று பார்த்தார். பிறகு, “அப்பிடியேதான் இருக்கு. ஒமக்கு வித்தியாசம் தெரியுதா?” என்றார்.

“புதுசுல்லா. ஓடி ஓடித்தான் பதமாவும்.”

பதமாகவில்லை. அடுத்த ஞாயிறு மசூது கோளாறு பார்க்க உட்கார்ந்தார். தமாமில் எந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தாலும் அவருக்கு ஒரே வழிதான். ஒன்றொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும், கடைசியில் மிஞ்சி நிற்பதுதான் கோளாறு. ஒயரையெல்லாம் மாற்றினார். இடது ஸ்பீக்கரை வலதில் வைத்தார். ஸ்டெபிலைசரைக் கழற்றி நேராகக் கரண்ட் கொடுத்தார். சிடி பிளேயரை விட்டுவிட்டுப் போனிலிருந்து பாடவிட்டார். ஸ்பீக்கரே வேண்டாம் என்று ஹெட்போனை மாட்டிவிட்டார். ஞானதுரை அலமாரிக்குப் பின்னால் குனிந்து டார்ச் பிடித்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாற்காலிக்கு வந்து கேட்டு, உதட்டைப் பிதுக்கினார். அவருக்கும் அதில் ஒரு உற்சாகம் வந்துவிட்டது.

“எனக்கென்னமோ கரண்டுலதான் சந்தேகம்,” என்றார் ஞானதுரை. “எங்க வீட்டு டிவியிலயும் பாட்டு இப்பிடித்தான் கேக்குது. நியூஸ் நல்லாக் கேக்குது. கோயில் மைக் செட்டும் அப்பிடித்தான்.”

ஒயரை முறுக்கிக்கொண்டிருந்த மசூதின் விரல் நின்றது. திரும்பிப் பார்த்தார். ஞானதுரை டார்ச்சை உள்ளங்கையில் தட்டிக்கொண்டு, வெள்ளந்தியாக நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை.

அங்கேயே விட்டிருக்கலாம். ஆமா, கரண்டுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து ஞானதுரையின் மகள் ஜெனி அப்பாவை அழைத்துப் போக வந்து நின்றாள். ஸ்கூட்டரில் நனைந்து வந்தவள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள். பாடகர் குழுவில் முன்னால் நின்று பாடுகிறவள் அவள்தான். மசூதுக்குள் இருந்த மெக்கானிக் சும்மா இருக்கவில்லை. கழிப்பதற்குக் கரண்டு இன்னும் பாக்கி இருந்தது.

“ஜெனி, ஒரு பாட்டு பாடேன்ம்மா. சும்மா டெஸ்டுக்கு.”

“எதுக்கு மாமா? ஒங்க செட்டு பாடலியா?” என்று சிரித்தவள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாடினாள். போன கிறிஸ்மஸுக்குப் பாடிய தாலாட்டு. மசூதுக்கே அது தெரியும். தேவதூதர்கள் பாடும் இடத்தில் மெட்டு ஏறி, சட்டென்று நழுவி இறங்கும். அந்த நழுவலுக்காக ஞானதுரை ஒரு வாரம் தூங்காமல் கிடந்த கதையும் தெரியும்.

ஞானதுரை மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னட்டி, வசனம் வாசிக்கியா?”

“பாடுதேன்ப்பா.”

“எந்தப் பாட்டு இது?”

ஜெனி கேலி என்று நினைத்தாள். “நல்லா இருக்கே. நீங்க போட்ட பாட்டுப்பா.”

“இன்னொருக்கா பாடு.”

பாடினாள். இந்தத் தடவை அவர் அவள் வாயைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். விழுந்த சாமானைத் தேடுவதுபோல இங்கும் அங்கும் பார்த்தார். அவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

“வார்த்தையெல்லாம் தெளிவா வருது வே,” என்றார் மசூதிடம். “பாட்டத்தான் காணல.”

ஆம்ப்ளிஃபயரின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மசூது எழுந்து போய் அதை அணைத்தார்.

திருநெல்வேலி டாக்டர் விளக்கமாகவே சொன்னார். காது இரண்டும் பழுதில்லை. சத்தங்களை மெட்டாகக் கோத்துக் கொடுக்கிற இடம் மூளையில் அடிபட்டிருக்கிறது. சிலருக்குத் திரும்பும். திரும்புவதாயிருந்தால் இத்தனை நாளில் ஏதாவது அறிகுறி தெரிந்திருக்கும். மருந்து எதுவும் இல்லை.

அடுத்த ஞாயிறு ஞானதுரை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மசூது வீட்டுக்குப் போனபோது அவர் உள்ளே படுத்திருந்தார். அவர் மனைவி ஞானபாக்கியம்தான் வாசலில் நின்று பேசினாள்.

“கோயிலுக்கும் வரமாட்டேங்காவ அண்ணாச்சி. பாட்டு ஆரம்பிச்சா அங்கன இருக்க முடியலயாம். கீபோர்ட துணியப் போட்டு மூடிட்டாவ. முன்னயாவது கை சரியாவட்டும், வாசிக்கேன்னு சொல்லிட்டுக் கெடந்தாவ.” சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “நீங்க கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை என்பதுதான் மசூதுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி அனுப்புவதற்குமுன் ஒருநாள் அதைப் போட்டுப் பார்த்தார். அப்பழுக்கில்லாமல் பாடியது. பக்கத்து நாற்காலி காலியாக இருக்க, அவருக்கு ஒரு பாட்டு முடியும்வரைகூட இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியில் வைத்துக் கட்டி அனுப்பிவிட்டார். என்ன குறை என்று கடைக்காரர் போனில் கேட்டார். சாமானில் ஒரு குறையும் இல்லை என்றார் மசூது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் இருக்காது என்று சொல்லி, ஞானதுரையை வற்புறுத்திப் பழைய குற்றாலத்துக்குக் காரில் கூட்டிப் போனார். இருவரும் குளிக்கவில்லை. படிக்கட்டோரம் ஈரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது.

“இது சரியாக் கேக்குது,” என்றார் ஞானதுரை. “முன்ன கேட்ட மாதிரியேதான்.”

மசூது அவர் பக்கம் திரும்பினார். “கேக்குதுல்லா? அப்பம் மெல்ல மெல்ல...”

“இரைச்சல்தான வே இது. இரைச்சலு எனக்கு எப்பமும் சரியாத்தான் கேக்குது.”

குளித்துவிட்டு வந்த ஒரு குடும்பம் அவர்களுக்குப் பக்கத்தில் துண்டை விரித்தது. பையிலிருந்து ஒரு ஸ்பீக்கரை எடுத்து வைத்துப் பாட்டுப் போட்டார்கள். ஞானதுரையின் தோள் இரண்டும் காதுவரை ஏறின. மசூதின் கையைத் தொட்டார். “போவமா.”

காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். சாரல் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக விழுந்தது.

“சொப்பனத்துலயாவது கேக்குமான்னு பாக்கேன்,” என்றார் ஞானதுரை. “நேத்து நான் வாசிச்ச மாதிரி சொப்பனம். விரலெல்லாம் ஓடுது. கோயில்ல எல்லாரும் எந்திச்சு நிக்காவ, வாயத் தெறக்காவ. அங்கயும் இல்ல வே.”

மசூது சாவியைத் திருகினார். தென்காசி வரும்வரை இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.