நிஜமாக எரிந்த காட்சி

முதல் குத்து மூக்கில் இறங்கியபோது பிலோமினாவுக்கு வலியைவிட வியப்புதான் முந்தியது, கதாநாயகிகளுக்கு டூப்பாக வாழ்நாளெல்லாம் உதைபட்டவள், எந்தக் கையும் முகத்துக்கு நாலு விரல் முன்னால் நின்றுவிடும் என்று உடம்பு பழகியிருந்தது, இந்தக் கை நிற்கவில்லை, வாயில் உப்பாக ரத்தம் இறங்குகிறது, வடபழனியின் அந்தச் சின்ன அரங்கில் நாற்காலிகள் பறக்கின்றன, சற்றுமுன் வெளியிட்ட அவளுடைய புத்தகத்தைத் ஸ்டண்ட் மாஸ்டர் தாமோதரனின் ஆட்கள் கிழித்து மிதிக்கிறார்கள், ஷூட்டிங்ல நடந்தத ஊருக்கெல்லாம் சொல்றியா, பொய்யின்னு மைக்ல சொல்லு என்று துரைப்பாண்டி அவள் முடியைப் பற்றித் தூக்குகிறான், அவன் கையில் பெட்ரோல் வாடை, இல்லை, அது அன்றைக்கு அடித்த வாடை, பாழடைந்த ஆலைக்குள் செட், நாயகனுக்கு டூப்பாக அவன் சட்டையில் எத்திராஜ், தீத்தாங்கும் உள்ளுடை வந்து சேரவில்லை, ஒரே டேக்தான், ஓடிப்போய் விழுந்துடு, அணைச்சுடுவோம் என்கிறார் மாஸ்டர், பழகிப்போச்சு பிலோ என்று சிரிக்கிறான் எத்திராஜ், பற்ற வைக்கிறார்கள், காற்று திரும்புகிறது, விழவேண்டிய இடத்தைத் தாண்டி அவன் கத்திக்கொண்டே ஓடுகிறான், இதே துரைப்பாண்டிதான் ஈரச் சாக்கோடு பாய்ந்தான், நான் இன்னும் கட் சொல்லல, நில்லுடா என்றார் மாஸ்டர், துரைப்பாண்டி நின்றான், அணைக்க ஓடிய பிலோமினாவை இரண்டு பேர் தரையோடு அமுக்கினார்கள், கேமரா ஓடியது, தோல் கருகும் நாற்றத்தில் அது ஓடிக்கொண்டே இருந்தது, அந்தக் காட்சி படத்தில் இருக்கிறது, தியேட்டரில் விசிலடித்தார்கள்.

சொல்லுடி என்று மறுபடி ஓங்குகிறான் துரைப்பாண்டி, பொய்யில்ல என்கிறாள் பிலோமினா, பல்லொன்று ஆடுகிறது, அப்போது முன்வரிசையிலிருந்து எத்திராஜின் மனைவி வேதவல்லி எழுந்து வந்தாள், கையில் பாதி கிழிந்த புத்தகம், அவ முடிய விடு, அவருக்கு உடனே மூச்சு நின்னுபோச்சு, வலியே தெரியலன்னு உங்க மாஸ்டர் சொன்னாரு, இதுல வேற மாதிரி இருக்கு, நீ அங்கதான நின்ன, நீ சொல்லு. முடியைப் பிடித்த கை தளர்ந்தது. மற்றவர்கள் வாடா போலாம் என்றார்கள். அவன் நகரவில்லை. ரொம்ப நேரம் கத்துனாரு அக்கா, உன் பேரச் சொல்லித்தான் கத்துனாரு என்றான். டிவியில அந்த சீன் வரும்போதெல்லாம் எம் புள்ளைங்கள கூப்பிட்டு வச்சுக் காட்டுனேனேடா, என்று வேதவல்லி அவனை அறைந்தாள், புத்தகத்தால் அடித்தாள், தாள்கள் உதிர உதிர வெறுங்கையால் அடித்தாள், அவன் கையை உயர்த்தவே இல்லை.